இடது காலுக்குச் சொன்ன பதில்

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று காலை ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து உங்கள் தம்பியின் லுங்கியை எடுத்து உதறினேன். சித்தப்பா கொடுத்த எண்ணெயின் வாசனை அறை முழுக்கப் பரவிவிட்டது. ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்ன மேடம், நீங்களே டாக்டர், உங்க வூட்லயே எண்ணெயா?" என்றாள். எனக்குத் தெரியாமல் தேய்த்திருக்கிறார். கேட்டால், "சித்தப்பா ஜெயங்கொண்டத்துலேந்து பஸ் ஏறி வந்து குடுத்துட்டுப் போறாரு, மனசு கஷ்டப்படும்ல" என்கிறார். முதுகில் தையல் போட்டுப் படுத்திருக்கிற மனிதரை என்ன திட்டுவது? நீங்கள் இருந்திருந்தால் அந்த லுங்கியை ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு ஒரு விசாரணையே நடத்தியிருப்பீர்கள்.

நேற்று அவருக்கு ஆபரேஷன் ஆனது. போகலாம் என்று சொன்னவள் நான். நீங்கள் இருந்த காலத்தில் இதே முதுகுக்கு, இதே ஆபரேஷனைச் சொன்னபோது, செய்யாமல் விட்டோம். அது உங்கள் பேரில்தான் ஊருக்குத் தெரியும். அதனால் உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவருக்கு வலது பாதத்தை இப்போது தூக்க வரவில்லை. அது திரும்புமா திரும்பாதா என்பது இந்த நிமிஷம் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

கல்யாணமாகிப் பெரம்பலூர் வீட்டுக்கு வந்தபோது எனக்கு உங்களைக் கண்டால் பயம். நாத்தனார் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கூடவே இருக்கப்போகிறவர் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். எங்கள் அம்மா அதற்கே ஒரு பாட்டம் அழுதார். முதல் வாரம் நீங்கள் என்னிடம் பேசியதே இல்லை. அரியலூர் பஸ்ஸில் காலையில் போவீர்கள், சாயங்காலம் புடவைத் தலைப்பில் சிமெண்ட் லாரித் தூசியோடு வருவீர்கள், காபி குடித்துவிட்டுப் பேப்பர் திருத்துவீர்கள். அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் என் கிளினிக்குக்கு வந்து, பெஞ்சில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்துகொண்டீர்கள்.

வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, சளி பிடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். நான் ஊசி போட்டேன். "எங்க டாக்டரம்மாவுக்குக் கைராசிங்க. இவங்க கை பட்டாப் போதும், மறுநாளே புள்ள எழுந்து ஓடும்" என்று பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் குளிர்ந்துபோய்விட்டது. உங்களைப் பார்த்தேன், நாத்தனார் கேட்டாரா என்று. கேட்டீர்கள். வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் புள்ளைக்கு எத்தினி நாளா சளி?" என்றீர்கள்.

"அஞ்சாறு நாளா இருக்கும் அண்ணி."

"சும்மா விட்டா எப்பப் போவும்?"

"ஒரு வாரத்துல போயிடும்."

"அப்ப நாளைக்கு அது எழுந்து ஓடுறது ஒன் ராசியா, சளியோட ராசியா?"

வண்டியை நிறுத்திவிட்டேன். கோபத்தில் எனக்குக் காது சிவந்துவிட்டது. அஞ்சரை வருஷம் படித்தவளைப் பார்த்து, கணக்கு வாத்தியார் இப்படிக் கேட்கலாமா? நீங்கள் சாவகாசமாகக் கீழே இறங்கி, பக்கத்துக் கடையில் வேர்க்கடலை வாங்கி எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டினீர்கள். "கோவப்படாத டாக்டரே. மொத நாளே வந்திருந்தா நீ ஊசி போட்டும் போயிருக்காது. அப்ப மருந்து சரியில்லைன்னு அடுத்த டாக்டர்ட்டப் போயிருப்பாங்க. அவரு கைராசி டாக்டர் ஆயிருப்பாரு." கடலையைத் தின்றுகொண்டே சிரித்தேன். நம் சண்டை அன்று ஆரம்பித்ததுதான், பிறகு நிற்கவே இல்லை.

எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர் என்று உங்களைச் சொல்லிவிட முடியாது. வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்கள் பாட்டில் ஏற்றச் சொல்லி நிற்பார்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கொடுத்தால், தண்ணியைக் கொடுத்து அனுப்புகிறாள் என்று முகம் வாடும். அதனால் நான் பாதிப் பேருக்குப் பாட்டிலே ஏற்றிவிடுவேன். நீங்கள் அதைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு வந்து என்னைப் பிடிபிடியென்று பிடித்தீர்கள். "இத்தன ஊருல, இத்தன கொழந்தைங்களுக்குக் குடுத்துப் பார்த்து நின்னுருக்கு இந்தப் பாக்கெட்டு. ஒன்கிட்ட இருக்கற மருந்துலயே இதுக்குத்தான் சாட்சி ஜாஸ்தி. இதப் போயி வெக்கப்பட்டுக்கிட்டுக் குடுக்குற." அன்றிலிருந்து அந்தப் பாக்கெட்டை மேஜைக்கு மேலேயே வைத்துக் கரைத்துக் காட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். நரம்பு எங்கே போகிறது, சிறுநீரகம் என்ன செய்கிறது என்பதெல்லாம் நீங்கள் என்னிடம் கேட்பீர்கள். இந்த எண் எதற்கு, இந்தக் கோடு ஏன் இவ்வளவு நீளம் என்று நான் உங்களிடம் கேட்பேன். சாப்பாட்டு மேஜையில் சாம்பார் ஆறிப்போகும். உங்கள் தம்பி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "எனக்கு ரசம் யாரு ஊத்துவா?" என்பார்.

அந்த மனிதருக்குத்தான் முதுகு வலி வந்தது. சொட்டு நீர்க் குழாய் பதிக்கிற வேலை. காட்டு வழியில் வண்டி ஓட்டிக்கொண்டு போய், குழாய்ச் சுருளைத் தூக்கி இறக்கி, நாளெல்லாம் குனிந்தே நிற்பார். ஒரு நாள் எறையூர்ப் பக்கம் கரும்புக் காட்டில் சுருளைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதுகில் ஆரம்பித்து இடது காலின் பின்பக்கமாகக் கணுக்கால் வரை கொள்ளிக்கட்டையால் இழுத்த மாதிரி வலி. முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. ஆபரேஷன் செய்கிற டாக்டர் நல்ல மனிதர், மறைக்காமல் பேசினார். "கால்ல பலம் இருக்கு, யூரின் பிரச்சினை இல்லை. காத்திருந்தும் பாக்கலாம். இப்பவே பண்ணிட்டா வலி சீக்கிரம் போயிடும்" என்றார்.

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. அவர் எழுந்து நிற்க முயலும்போது வருகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். நாளைக்கே சேர்த்துவிடலாம் என்று நான் துணியெல்லாம் எடுத்து வைத்தேன். நீங்கள், "ரெண்டு நாள் குடு, படிச்சுட்டு வரேன்" என்றீர்கள்.

அந்த இரண்டு நாளில் வீடு கல்யாண வீடாகிவிட்டது. விசாரிக்க வருகிறவர்கள் ஒரு கையில் ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, மறு கையில் ஒரு வைத்தியம் இல்லாமல் நம் பக்கத்தில் வாசற்படி ஏறமாட்டார்கள். ஒருத்தர் பெல்ட் கொண்டு வந்தார். ஒருத்தர் கட்டாந்தரையில் அசையாமல் மல்லாந்து படுக்கச் சொன்னார். ஒருத்தர் கல்லைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் அதே வைத்தியத்தில் எழுந்து நடந்த ஒரு மச்சான் இருந்தான். சித்தப்பா ஜெயங்கொண்டத்திலிருந்து எண்ணெயோடு வந்து, தானே தேய்த்துவிடுகிறேன் என்று சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வைத்தியர்ட்ட வந்து தூக்கிட்டு வந்தவன் நடந்து போயிருக்கான்ம்மா. நானே பாத்துருக்கேன்."

"நடக்காதவங்களப் பாத்திருக்கீங்களா சித்தப்பா?" என்றீர்கள்.

"நடக்காதவன் ஏன் அங்க வரப்போறான்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். அவங்களையும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. எல்லாத்துக்கும் நானே காபி போட்டுத் தரேன்."

சித்தப்பா விடவில்லை. எண்ணெய் தேய்த்தவர்களையும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களையும் எண்ணிப் பார், எது ஜெயித்தது என்று தெரியும் என்றார். நீங்கள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டீர்கள். "வலி கம்மியா இருக்கறவன் எண்ணெய்க்கு வருவான். தாங்க முடியாதவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். அப்பறம் எண்ணெய்தான் ஒசத்தின்னா எப்படி? ஒங்க ஊரு சீட்டுல பேரு எழுதிக் குலுக்குறீங்கல்ல, அது மாதிரி குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அதுன்னு பிரிக்கணும். யாரு எதுக்குப் போறாங்கன்னு ஆசையும் முடிவு பண்ணக்கூடாது, வலியும் முடிவு பண்ணக்கூடாது." சித்தப்பா, "சீட்டுல எனக்கு எப்பவுமே கடைசியாத்தான்ம்மா விழும்" என்றார். வலியோடு படுத்திருந்தவரே சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முனகினார்.

அன்று சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் பாத்ரூமுக்குப் போய்வர நான் தோள் கொடுத்து நடத்தி வந்தேன், முகமெல்லாம் வேர்த்துவிட்டது அவருக்கு. நீங்கள் லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "ஒங்க தம்பிதானே? கொஞ்சமாவது பதறுதா ஒங்களுக்கு? கல்லூரிப் பரீட்சை மாதிரி படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்று கத்திவிட்டேன். நீங்கள் எழுந்து அடுக்களைக்குப் போனீர்கள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. தண்ணீர் பிடிக்கிற சத்தம் அவ்வளவு நேரம் கேட்காதே என்று உள்ளே வந்தால், குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். "படிக்கறத நிறுத்துனா அழுதுருவேன்டி. அதான் படிக்கிறேன்" என்றீர்கள். அவன் குழந்தையாக இருந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு முந்திரிக் காட்டுக்குப் போனதைச் சொன்னீர்கள். அப்போதுதான் உங்களை முதன்முதலாகக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என்னைவிட ஒரு சாண் உயரம் குறைவு நீங்கள். அதை அதுவரைக்கும் நான் கவனித்ததே இல்லை.

மறுநாள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நீங்கள் சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. "ஆபரேஷன் பண்ணா வலி சீக்கிரம் கொறையுது, அது நெசம். அத யாரும் மறுக்க முடியாது. ஆனா வருஷம் திரும்புறப்ப பாத்தா, பண்ணவங்களும் பண்ணாதவங்களும் கிட்டத்தட்ட ஒரே எடத்துலதான் நிக்கிறாங்க. பண்ணாம இருக்கலாம்னு ஆரம்பிச்சவங்கள்ல கொஞ்ச பேரு தாங்க முடியாம நடுவுல போயிப் பண்ணிக்கிட்டாங்க, அதையும் சொல்லிடணும். கட்டாந்தரையில அசையாமப் படுக்கறதுக்கு மட்டும் நல்ல சாட்சி ஒண்ணும் இல்ல. முடிஞ்ச வரைக்கும் நடமாடறதுதான் தேவலாம்." பிறகு அவர் பக்கம் திரும்பினீர்கள். "இதுல சரி தப்பு இல்லடா. வலி ஒன்னுது. சீக்கிரம் போவணுமா, கத்திய தள்ளிப் போடணுமான்னு நீதான் சொல்லணும்."

அவர் கத்திக்குப் பயந்தவர். காத்திருக்கிறேன் என்றார்.

காத்திருந்தோம். அது லேசாக இல்லை, அண்ணி. நீங்கள் கல்லூரியிலிருந்து வந்ததும் அவரைத் தெருமுனை வரைக்கும் நடத்திக் கூட்டிப் போவீர்கள். முதலில் எதிர்வீட்டு மின்கம்பம் வரைக்கும், பிறகு டீக்கடை வரைக்கும். அவர் வலியில் உங்களைக் கண்டபடி திட்டுவார், நீங்களும் விடாமல் திருப்பித் திட்டுவீர்கள். தெரு முழுக்க வேடிக்கை பார்க்கும். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், அவர் தனியாகப் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்து போய், அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய உங்கள் பையை வாங்கிக்கொண்டு வந்தார். நீங்கள் வாசலில் நின்றபடி, "டாக்டரே, இங்க வந்து பாரு யாரு வந்துருக்கான்னு" என்று கூப்பிட்ட குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது.

சரியானதுமே பங்கு பிரிக்க வந்துவிட்டார்கள். எண்ணெய்தான் என்றார் சித்தப்பா. பெல்ட்தான் என்றார் பெல்ட்டுக்காரர். சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டேன் என்றார் என் அம்மா. என் மாத்திரைக்கும் ஒரு பங்கு உண்டு என்று நானே நினைத்தேன். ஆனால் அதைச் சொல்லிக்கொள்வது நியாயமாகப் படவில்லை. அதனால் எல்லோர் முன்னாலும், "அண்ணி சொன்னதுதான் சரியாப் போச்சு" என்றேன். உங்களுக்கு மாலை போடுகிறேன் என்று நினைத்துச் சொன்னது. நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள்.

"நான் சொன்னது சரின்னு ஒனக்கு எப்படித் தெரியும்? ஆபரேஷன் பண்ணியிருந்தா தீவாளிக்கே எழுந்து நடந்திருப்பானோ என்னவோ. ஆபரேஷன் பண்ணிக்கிட்ட அந்த இன்னொருத்தன நாம பாக்கவே இல்லையே. ஒரே ஆள வெச்சு என்னத்தடி சொல்றது?"

"கெலிச்சதக்கூட ஒத்துக்க மாட்டீங்களா?" என்றேன். "கெலிச்சாத்தான் ஒத்துக்கணும்" என்றீர்கள். சித்தப்பாவுக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் ஊரில் போய், "எங்க பொண்ணு ஆபரேஷனே வேணாம்னுருச்சு, டாக்டருங்க வாயடைச்சுப் போய்ட்டாங்க" என்று சொல்லிவிட்டார். அதுதான் நிலைத்தது. நீங்கள் 'வேணாம்' என்று சொல்லவே இல்லை என்பது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். கொஞ்ச காலத்தில் அவருமே மறந்துவிட்டார்.

போன வருஷம் ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நெஞ்சு என்னமோ செய்கிறது என்றீர்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கூட்டிக்கொண்டு ஓடினோம். வழியிலேயே என் மடியில் முடிந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள், "வூட்டுலயே டாக்டரு இருந்தும் இப்படி ஆயிருச்சே" என்று என் காதுபடவே சொன்னார்கள். நான் கூடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் பத்து நிமிஷம் முன்னால் கிளம்பியிருந்தால் என்று நானும் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அந்த இன்னொருத்தியை நான் பார்க்கவே இல்லையே. இப்படி நினைக்கக் கற்றிருக்காவிட்டால் நான் கிளினிக்கை மூடிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்த முறை அவருக்கு வலி வலது காலில். போன மாதம் வந்தது. அவர் கவலையே படவில்லை. "அக்கா சொன்ன மாதிரி நடந்தா போயிடும்" என்று, அதே மின்கம்பம், அதே டீக்கடை. சித்தப்பா எண்ணெயோடு வந்தார், இந்த முறை உங்கள் பேரையும் கூடவே கொண்டு வந்தார். நானும் நடக்கட்டும் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அவர் நடந்து வருவதை வாசலிலிருந்து பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. தெருமுனையில் கழன்று கிடக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. வலி எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "கொறைஞ்சிருக்கு, பாத்தியா" என்று சந்தோஷமாகச் சொன்னார். வலி குறைந்து, செருப்பு கழன்றதும் தெரியவில்லை என்றால், நரம்பு செயல் இழக்கிறது என்று அர்த்தமாகலாம்.

குதிகாலில் நில்லுங்கள் என்றேன். இடது பாதம் தூக்கியது. வலது பாதம் தூக்கவில்லை. கட்டைவிரலை நான் ஒரு விரலால் அழுத்தினேன், அப்படியே மடங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது பலம் இன்னும் குறைந்திருந்தது. அதே டாக்டரிடம் போனோம். இந்த முறை அவர் காத்திருக்கலாம் என்று சொல்லவில்லை.

நான் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். உங்கள் அளவுக்கு எனக்கு வேகம் வராது, ஒரே பக்கத்தை மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. அப்போது நீங்கள் படித்தவற்றையே முதலில் தேடி எடுத்தேன். யாரை வைத்துப் பார்த்தார்கள் என்று நீங்கள் எப்போதும் முதலில் கேட்பீர்களே, அதையே நானும் கேட்டேன். நான் எடுத்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை, பாதம் நாளுக்கு நாள் பலம் இழந்துகொண்டு போகிறவர்களை ஆரம்பத்திலேயே சேர்க்காமல் விட்டிருந்தன. அவர்களைச் சீட்டுக் குலுக்கிக் காக்க வைப்பது நியாயமில்லை என்று விட்டிருக்கிறார்கள். அப்படியானால் வருஷம் திரும்பும்போது இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் நிற்கும் என்பது இவரைப் பற்றிய பேச்சே இல்லை. இவரைப் போன்றவர்களுக்குச் சீக்கிரம் செய்வது நல்லது என்று பல டாக்டர்கள் சொல்கிறார்கள், ஆனால் அதற்கு இருக்கிற சாட்சி அவ்வளவு கெட்டியில்லை. செய்தாலும் பலம் திரும்பாமல் போகலாம். செய்யாமலே திரும்பியவர்களும் இருக்கிறார்கள். இருந்த வெளிச்சம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பார்த்ததில், போவதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"அக்கா வேணாம்னு சொல்லுச்சு. வேணாம்."

"அக்கா அன்னிக்கி வேணாம்னு சொல்லலைங்க. உங்க முடிவுன்னுதான் சொன்னாங்க. அதுவும் இடது காலுக்குச் சொன்னது. அப்ப உங்க பாதம் தூக்குச்சு."

"எல்லாம் ஒரே முதுகுதானே. நீ டாக்டரு, ஒனக்கு கத்திதான் தெரியும். அக்கா இருந்தா ஒன்ன உட்டுருக்காது."

"உங்க அக்கா இல்லைங்க இப்ப" என்று கத்திவிட்டேன். அந்த வார்த்தையை இந்த வீட்டில் அதுவரைக்கும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். உங்களைத் தூக்கிக்கொண்டு போன நாளில்கூட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்படி அழவில்லை. ஆளுக்கொரு மூலையில்தான் அழுதுகொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நிற்கச் சொன்னேன். கூடத்தில் நடக்கச் சொல்லி, சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். இடது கால் மெதுவாக ஊன்றியது. வலது பாதம் ஒவ்வொரு அடிக்கும் பட்டென்று தரையில் அறைந்தது. அவர் நின்று கேட்டார். மறுபடியும் நடந்து கேட்டார். முகம் மாறிவிட்டது.

"அப்ப அக்காவும் போவத்தான் சொல்லியிருக்குமா?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணி. மறு பேச்சில்லாமல் கிளம்பிவிடுவார். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்கு முக்கால்வாசி தெரியும் என்றுகூட நினைத்தேன். வாய்வரை வந்துவிட்டது. சித்தப்பா உங்கள் பேரை எண்ணெய்க்குத் தொட்டுக்கொண்ட மாதிரி நானும் ஆபரேஷனுக்குத் தொட்டுக்கொள்ளப் போகிறேனே என்று நினைத்ததும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

"தெரியாதுங்க. அவங்க படிச்சுட்டுத்தான் சொல்லுவாங்க. இந்தக் காலப் பத்தி அவங்க படிக்கல. நான் படிச்சிருக்கேன். போனா கண்டிப்பா சரியாயிடும்னு என்னால சொல்ல முடியாது. போவாம இருந்தா இருக்கற பலமும் போயிடுமோன்னு பயமா இருக்கு. நான் சொல்றேன், போவோம். ஆனா கால் உங்களுது."

குனிந்து தன் வலது பாதத்தைப் பார்த்தார். பிறகு, "சரி. நீ சொல்றேல்ல" என்றார். எத்தனை வருஷம் கைராசிக்காரியாக இருந்திருக்கிறேன், அந்தப் பட்டத்தில் ஒரு நாளும் இவ்வளவு பாரம் தெரிந்ததில்லை.

நேற்று மதியம் முடிந்தது. கால் வலி விட்டுவிட்டது என்கிறார். கட்டைவிரல் இன்னும் அசையவில்லை. மாதங்கள் ஆகலாம், அசையாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சித்தப்பா போன் செய்தார். "என்னம்மா, எல்லாம் சரியாயிடும்ல?" என்றார். "தெரியாது சித்தப்பா, பாக்கணும்" என்றேன். அவர் கொஞ்சம் அதிர்ந்துபோய், "டாக்டரே இப்படிச் சொல்லலாமாம்மா?" என்றார். சொல்லலாம் சித்தப்பா என்றேன். கிளினிக்கிலும் இப்போது அப்படித்தான் சொல்கிறேன். சில பேர் வேறு டாக்டரிடம் போய்விடுகிறார்கள். சில பேர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்ப நீங்க என்ன நெனைக்கிறீங்க என்று கேட்கிறார்கள்.

உங்களிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது இந்தப் பழக்கம்தான். தெரிந்த அளவுக்குச் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்பது, பிறகும் எழுந்து போய்விடாமல் கூடவே உட்கார்ந்திருப்பது. எதுவாக இருந்தாலும் பங்கு பிரிக்க ஆள் வந்துவிடும். விரல் அசைந்தால் நான் கெட்டிக்காரி, அசையாவிட்டால் அக்கா பேச்சைக் கேட்காமல் புருஷன் காலைக் கெடுத்தவள். இரண்டையும் நான் வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நேற்றிலிருந்து பார்க்க வருகிற எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல முடிவு எடுத்தீர்கள் என்கிறார்கள். ஒருத்தரும் எதிரே உட்கார்ந்து, நீ எதை விட்டுட்டே, எங்கே தப்பு பண்ணியிருப்பே என்று கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு என்னை அழவைத்து, பிறகு கடலைப் பொட்டலம் நீட்ட யாரும் இல்லை. தனியாகச் சரியாக இருப்பதைவிட உங்களிடம் தப்பாக இருந்தது எனக்கு எவ்வளவோ தைரியமாக இருந்தது, அண்ணி.